2020 டிசம்பரில் லண்டனில் வீட்டோடு இருந்த கிறிஸ்துமஸ்

கேள்வி இதுதான்: “என் அக்கா குடும்பம் 2020 டிசம்பரில் லண்டனில் இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையை யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே கழித்ததை இன்றைக்கும் பெரிய கொடுமையாகச் சொல்கிறாள். நாலைந்து நாள் வீட்டில் அமைதியாக இருப்பதில் அப்படி என்ன கஷ்டம்? அப்படி இருந்ததால் பயன் ஏதாவது உண்டா?” கேட்டிருப்பது இரண்டு கேள்வி. மூன்றாவது ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது: அக்கா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரோ? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் அவரை வாட்டியது வீட்டுக்குள் இருந்ததுதான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தேகம்.

நான் நாகர்கோவில்காரி. பதினெட்டு வருடமாகக் கிழக்கு லண்டனில் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ், அதாவது வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, கத்தீட்டர் என்ற சிறுநீர்க் குழாயைப் பார்ப்பது, தானே ஊசி போட்டுக்கொள்ள முடியாதவர்களுக்கு இன்சுலின் போடுவது என் வேலை. இன்சுலினுக்குப் பண்டிகை லீவு கிடையாது. அதனால் 2020 டிசம்பர் 25 காலையிலும் கிளம்பிப் போனேன். அன்றைக்குப் பதினொரு வீடு. அடுத்தவர் வீட்டு வாசல்படியைத் தாண்ட அந்த நாளில் அனுமதி இருந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர், அதில் நானும் ஒருத்தி. ஆனாலும் நான் பார்த்ததெல்லாம் வயதானவர்களையும் தனியாக இருப்பவர்களையும்தான். சின்ன ஃப்ளாட்டில் மூன்று பிள்ளைகளோடு அடைந்து கிடந்தவர்களின் கதை வேறு, அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். தொற்றுநோய்க் கணக்குப் போடுகிற நிபுணரும் இல்லை நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தேதிகளை வரிசையாகச் சொன்னால் அக்காவின் கோபம் பாதி விளங்கிவிடும். இங்கிலாந்தில் நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரை இரண்டாவது லாக்டவுன். அது முடிவதற்கு முன்பே, நவம்பர் 24 அன்று, பிரிட்டனின் நான்கு அரசுகளும் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து) சேர்ந்து ஒரு சலுகையை அறிவித்தன: டிசம்பர் 23 முதல் 27 வரை ஐந்து நாளைக்கு மூன்று குடும்பங்கள் ஒன்றாகச் சேரலாம். ஜனங்கள் உடனே ரயில் டிக்கெட் போட்டார்கள், பண்டிகை விருந்துக்கு வான்கோழிக்குச் சொல்லி வைத்தார்கள், பேரப்பிள்ளைகளுக்குப் பொருள் வாங்கி மடித்துக் கட்டினார்கள். டிசம்பர் 8 அன்று காவன்ட்ரி மருத்துவமனையில் மார்கரெட் கீனன் என்ற 90 வயதுப் பாட்டி தடுப்பூசி போட்டுக்கொள்வதை டிவியில் பார்த்தோம். எங்கள் அலுவலகத்தில் சிலர் அழுதே விட்டார்கள். முடிந்தது, இனி நல்ல காலம்தான் என்று எல்லோருக்கும் தோன்றியது.

டிசம்பர் 14 அன்று, புதுவகை வைரஸ் ஒன்று வேகமாகப் பரவுகிறது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். கென்ட் மாவட்டத்தில் எடுத்த மாதிரிகளில் முதலில் தெரிந்தது, பிற்பாடு ஆல்பா என்று பெயர் பெற்றது. 16ஆம் தேதி லண்டனில் கட்டுப்பாடு ஒரு படி ஏறியது. 19ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் பிரதமர் போரிஸ் ஜான்சன் டிவியில் வந்தார். லண்டனுக்கும் சுற்றியுள்ள தென்கிழக்குப் பகுதிகளுக்கும் நள்ளிரவு முதல் நான்காம் அடுக்குக் கட்டுப்பாடு, மூன்று குடும்பம் சேரும் சலுகை ரத்து என்றார். இங்கிலாந்தின் மற்ற இடங்களுக்கு ஐந்து நாள் ஒரே நாளாகச் சுருங்கியது. பண்டிகைக்கு இன்னும் ஆறு நாள்தான். அன்றிரவே செயின்ட் பேன்கிராஸ் ரயில் நிலையத்தில் பெட்டியும் கையுமாகக் கூட்டம். மறுநாள் பிரான்ஸ் தன் எல்லையை மூட, கென்ட்டில் ஆயிரக்கணக்கான லாரிகள் நின்றுபோயின. அந்த ஓட்டுநர்களுக்குச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் கால்சா எய்ட் அமைப்பின் சீக்கியர்களும் உண்டு. (கென்ட் என்றதும் ஒரு பழைய கதை. கிறிஸ்துமஸையே நாடாளுமன்றம் ஒழித்துவிட்ட 1647இல், அதே கென்ட்டின் கேன்டர்பரி நகரில் அதற்காகக் கலவரமே நடந்தது. அந்த டிசம்பரில் இங்கே ஆளாளுக்கு இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பில் பெரிய சந்தோஷம் இல்லை.)

நான்காம் அடுக்கு என்றால் என்ன? அடுத்த குடும்பத்தாரோடு வீட்டுக்குள் சேரக் கூடாது. பூங்கா, தெரு மாதிரி பொதுவெளியில் வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஒரே ஒருவரைச் சந்திக்கலாம். தனியாக வாழ்பவர்கள் போன்ற சிலர் மட்டும் தங்களுக்கென்று ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வரலாம். ‘சப்போர்ட் பபுள்’ என்று பெயர், ஜூன் மாதமே வந்துவிட்ட ஏற்பாடு. என் நோயாளிகள் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. “உங்கள் மகள் சட்டப்படியே வரலாம் தெரியுமா?” என்று அந்த வாரத்தில் எத்தனை பேரிடம் சொன்னேனோ, கணக்கில்லை.

சரி, டிசம்பர் 25க்கு வருவோம். முதல் வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. மகன் மான்செஸ்டரில். “இந்த வருஷம் யாரும் வர வேண்டாம், ஈஸ்டருக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று நவம்பரிலேயே அவரே சொல்லிவிட்டார். ஒரே ஒரு கோழிக்கால், இரண்டு உருளைக்கிழங்கு, ரேடியோ. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். எனக்கென்று மின்ஸ் பை, இங்கத்துக் கிறிஸ்துமஸ் இனிப்புப் பலகாரம், எடுத்து வைத்திருந்தார். மாஸ்க்கைக் கழற்ற முடியாதே, காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. நடிப்பும் இல்லை, இருபது வருடம் பழகியவர் மாதிரி எனக்கு அவரைத் தெரியும்.

மூன்றாவது வீட்டில் கணவனும் மனைவியும், துணைக்குத் துணை இருப்பவர்கள். கதவைத் திறக்கும்போதே அம்மாவின் கண் சிவந்திருந்தது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டை அடைத்துக்கொண்டு ஆறு கிலோ வான்கோழி. மகள் குடும்பம், மகன் குடும்பம் என்று எட்டுப் பேருக்கு வாங்கியது. ஃப்ரீஸரில் இடமில்லை, அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால் அவர்களிடமும் ஒன்று இருக்கிறது. நான் இன்சுலின் போட்டு முடிக்கும் வரை அவர் வான்கோழியைப் பற்றியேதான் பேசினார். பேரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாருங்கள், தனியாக இருந்தவர் பாட்டி. உடைந்துபோனவர் துணையோடு இருந்தவர். பதினொரு வீட்டில் ஏழெட்டு வீட்டில் இதே கதைதான். தானாக, முன்கூட்டி முடிவெடுத்தவர்கள் அந்த நாளைக் கடந்துவிட்டார்கள். கையில் கொடுத்துப் பிடுங்கப்பட்டவர்கள் தவித்தார்கள். அமைதியான பண்டிகையும் பறிபோன பண்டிகையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், அதே வீடு, அதே சாப்பாட்டு மேசை. என் கணக்கு பதினொரு வீட்டுக் கணக்கு என்பதை மறந்துவிட வேண்டாம், இதை ஆராய்ச்சி முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஈஸ்ட்ஹாமில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார். கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். “எங்களுக்குக் கேர்ஃபியூ புதுசே, பிள்ளை?” என்றார், ஊரடங்கைச் சொல்கிறார். “அங்க அது எப்ப முடியுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்ச ஊசி வருகுதெண்டு தெரியும். முடிவு தெரிஞ்சா மனுசன் இருப்பான்.” அவருக்குப் பிப்ரவரி தொடக்கத்தில் ஊசி கிடைத்தது.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடாது. நாகர்கோவிலில் வருடத்தின் மிகச் சின்னப் பகல்கூடப் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். லண்டனில் டிசம்பர் 21 அன்று எட்டு மணிக்குப் பிறகுதான் சூரியன் வரும், நாலு அடிப்பதற்குள் போய்விடும். எட்டு மணி நேரம்கூட முழுசாக இல்லை. காலையில் பத்து மணிக்கு எழுந்து, குளித்து, டிவி முன்னால் உட்கார்ந்தால் பகல் என்ற ஒன்று வந்ததே தெரியாமல் போய்விடும். வழக்கமான விடுமுறையில் விருந்தாளிகளும் கடைவீதியும் இந்த இருட்டை மறைத்துவிடும். அந்த வருடம் மறைக்க எதுவும் இல்லை.

அதனால் என் நோயாளிகளிடம் நான் விடாமல் சொன்னது ஒன்றுதான்: மதியத்துக்குள் ஒருமுறை வெளியே வந்துவிடுங்கள். நடக்க முடியாதவர்கள் வாசலில் கோட் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நிற்கலாம். மேகம் மூடிய நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். உடம்பின் தூக்கக் கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் ஓடுகிறது. இதில் சந்தேகமே இல்லை. வைட்டமின் டி விஷயத்தில் பாதி உறுதி, பாதி சந்தேகம். இங்கே குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்வது எலும்புக்கும் தசைக்கும், அது உறுதியான விஷயம். அந்தக் குளிர்காலத்தில் நோய் அபாயம் மிக அதிகமுள்ளவர்களுக்கு நாலு மாதத்துக்கான மாத்திரையை அரசே இலவசமாகக் கொடுத்தது. அது கோவிட்டையும் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. நம்மவர்கள் தோல் நிறத்துக்கு இங்கத்து வெயில் போதாது என்பதால் மாத்திரை தேவைதான், காரணம் வேறு.

நாலு மணியிலிருந்து பத்து மணி வரை இருக்கிற ஆறு மணி நேரம்தான் மலை. அதை ஒரேயடியாகத் தாண்டப் பார்த்தவர்கள் சோர்ந்துபோனார்கள், துண்டு துண்டாக வெட்டியவர்கள் பிழைத்தார்கள். ஐந்து மணிக்கு ஒரு போன், ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்கு ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி. ஜிக்சா படம் அடுக்கியவர்கள் நிறைய. பாதியில் நிற்கிற வேலை ஒன்று மேசையில் இருந்தால் மறுநாள் காலை எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது, என் பார்வையில் அது மாத்திரைக்குச் சமம். போன் விஷயத்தில் பிள்ளைகள் ஒரு தப்பு செய்தார்கள். குடும்பம் முழுக்கச் சேர்ந்து ஜூமில் இரண்டு மணி நேரம் கூப்பிட்டார்கள். ஜூம் நிறுவனம் வழக்கமான 40 நிமிட வரம்பைப் பண்டிகைக்காக எடுத்துவிட்டிருந்தது, நல்ல எண்ணம்தான். ஆனால் காதுக் கருவி வைத்திருக்கும் பாட்டிக்குப் பதினாறு பேர் ஒரே நேரத்தில் பேசுவது வெறும் இரைச்சல். “எல்லாரும் என்னைப் பார்த்துக் கையாட்டினார்கள், ஒருத்தர் சொன்னதும் புரியவில்லை” என்றார் ஒருவர். சாதாரண லேண்ட்லைனில் ஒரு பேத்தி பத்து நிமிடம் பேசியது அவருக்கு நாலு நாள் வந்தது.

என் வீட்டுக் கதையும் அப்படித்தான். நள்ளிரவு ஆராதனையை யூடியூபில் பார்த்தோம். முந்திரிக்கொத்து சுட்டேன், பாகு முறுகிவிட்டது. அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டு, “நட்சத்திரம் தூக்கினியா மக்களே?” என்று மட்டும் கேட்டார். தூக்கியிருந்தேன், போனைத் திருப்பி ஜன்னலில் தொங்குவதைக் காட்டினேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஜன்னல் என்றதும் ஒரு சிக்கல். காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திற என்றது அரசு, ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடமாவது. அறை 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதும் அதே அரசின் அறிவுரை. ஓய்வூதியத்தில் வாழ்பவர், ஒரே ஒரு அறையில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவர், எதைக் கேட்பார்? நான் சொன்ன வழி: நான் உள்ளே வரும்போது திறங்கள், போனதும் ஐந்து நிமிடம் கழித்து மூடுங்கள். வீட்டில் நீங்கள் தனியாக இருக்கும்போது மூடியே இருக்கட்டும். வைரஸ் ஆளோடுதான் வருகிறது, ஆள் இல்லாத நேரத்தில் குளிரில் நடுங்க வேண்டியதில்லை. சில சக நர்ஸுகள் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அமைதிக்கு விலையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் மதுவினால் நேரடியாக வந்த இறப்புகள் 2019இல் 7,565. 2020இல் 8,974. இது பண்டிகை வாரத்தின் கணக்கு இல்லை, வருடக் கணக்கு. ஆனால் மறுசுழற்சித் தொட்டியில் பாட்டில் சத்தம் கூடியதை வாசலில் நின்று நானே கேட்டேன். இன்னொன்று, ஆஸ்பத்திரிக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நெஞ்சு வலியைப் பொறுத்துக்கொண்டவர்கள். “உங்களுக்கெல்லாம் எவ்வளவோ வேலை இருக்குமே” என்பார்கள். வீட்டில் அமைதியாக இருப்பது என்றால் உடம்பைப் பற்றியும் வாயைத் திறக்காமல் இருப்பது என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு மிகவும் பயம் தந்தது இதுதான், கோவிட்டைவிடவும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, பயன் இருந்ததா? உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். மூடிய அறை, பல மணி நேரம், பேச்சும் பாட்டும் சிரிப்பும், பல வயதினர் ஒரே மேசையில்: குளிர்காலப் பண்டிகை என்பதே இந்த வைரஸுக்குத் தோதான ஏற்பாடு. அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒருவரிடமிருந்து அது பரவும், ஆகவே “எங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று வந்தவர்களும் நல்ல மனதோடு கொண்டு வந்திருக்கலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் லண்டனில் ஏறக்குறைய 30 பேரில் ஒருவருக்குத் தொற்று என்று தேசியப் புள்ளிவிவர அலுவலகம் மதிப்பிட்டது. ஒன்பது பேர் சேர்கிற விருந்தை நினைத்துப் பாருங்கள். குறைந்தது ஒருவராவது தொற்றோடு வந்திருக்கும் வாய்ப்பு, நேர்க்கணக்கில் நான்கில் ஒன்று. ஒரு வீட்டில் தொற்று சேர்ந்தே வரும் என்பதால் உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் எண்பது வயது அம்மாவை உட்கார வைக்கத் துணிகிற மேசை அது இல்லை. அதுவும் ஊசி இன்னும் சில வாரத்தில் கைக்கு வரப்போகிற நேரத்தில். பிப்ரவரி நடுப்பகுதிக்குள் 1.5 கோடிப் பேருக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது, மூத்தவர்களுக்கும் எங்களைப் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்கும் முதலில். ஆக, எந்த அம்மாவுக்காக ஒரு பண்டிகையைத் தள்ளிப்போட்டார்களோ அவருக்கு அடுத்த பண்டிகை கிடைப்பதற்கு நியாயமான வாய்ப்பு இருந்தது. அந்த அளவுக்குப் பயன் உண்டு, அடித்துச் சொல்வேன்.

சந்தேகத்துக்குரியது அடுத்த படி: நாடு முழுக்கப் பார்த்தால் அந்த ரத்து எவ்வளவு உயிரைக் காப்பாற்றியது? ஜனவரி 18 வாக்கில் பிரிட்டன் மருத்துவமனைகளில் 39,000க்கும் மேற்பட்ட கோவிட் நோயாளிகள் இருந்தார்கள். 2020 ஏப்ரல் உச்சத்தில் அது 21,000க்குச் சற்று மேல். ஜனவரி 26 அன்று இறப்பு எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. “பார், பண்டிகையில் சேர்ந்ததால் வந்தது” என்று ஒரு கட்சி. “பார், ரத்து செய்தும் தடுக்க முடியவில்லை” என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் அதே எண்ணைத்தான் காட்டினார்கள். ஆல்பா டிசம்பர் தொடக்கத்திலேயே லண்டனில் ஏறிக்கொண்டிருந்தது. 19ஆம் தேதிக்கு முந்தைய வாரங்களில் பள்ளி, அலுவலகம், கடைவீதி எல்லாம் திறந்திருந்தன. அவற்றிலிருந்து வந்த தொற்று எது, விருந்து மேசையில் ஒட்டியது எது என்று பிரித்துக் காட்ட முடியாது. யாராவது துல்லியமான எண் சொன்னால் நான் நம்ப மாட்டேன். என் சொந்தக் கருத்து, ஐந்து நாள் சலுகையை நவம்பரில் கொடுத்ததுதான் பிழை. அன்றைக்கே “இந்த வருடம் வீட்டோடு இருங்கள், சப்போர்ட் பபுள் மட்டும் போதும்” என்று சொல்லியிருந்தால், ஜனங்கள் இரண்டு நாள் திட்டியிருப்பார்கள், அப்புறம் கோழிக்கால் வாங்கியிருப்பார்கள்.

2021 டிசம்பரில் ஓமிக்ரான் வந்தபோது இங்கிலாந்தில் வீட்டு விருந்துக்குச் சட்டத்தடை எதுவும் இல்லை. இருந்தும் என் நோயாளிகளில் கணிசமானவர்கள் யாரையும் கூப்பிடவில்லை, அவர்களாகவே. கண் சிவந்த அந்த அம்மாவும் அவர்களில் ஒருவர். “இந்தத் தடவை சின்னக் கோழிதான்” என்று ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். மகள் வாசலில் நின்று சூப்பைக் கொடுத்துவிட்டுப் போனாளாம். முந்தைய வருடம் இருந்ததைவிட அதிகத் தனிமை, கண்ணில் நீரில்லை.

அதனால் அடுத்த முறை அக்கா அந்தப் பேச்சை எடுத்தால், “நாலு நாள்தானே” என்று சொல்லிவிடாதீர்கள். டிசம்பர் 19 சாயங்காலம் அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் என்ன இருந்தது, யாருக்காக வாங்கியது என்று கேட்டுப் பாருங்கள்.